மானிப்பாய்த் தேவாலயமும் மருந்துச்சாலையும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வடமேற்குத் திசையாகச் செல்லும் வீதியில் நான்கைந்து மைல் சென்றால் மானிப்பாய் என்னும் ஊரை அடையலாம். சித்திரைப் புத்தாண்டிலே மருதடிப் பிள்ளையாருக்குத் தேரோடும் ஊர் அது. அவ்வூரிலேயே அமெரிக்க மிஷன் வழிவந்த தேவாலயம் ஒன்றும், அதே மிஷனின் வழிவந்த வைத்தியசாலை ஒன்றும் இருக்கின்றன. இரண்டனுள் முந்தியது எது என்று வினவின், தேவாலயமே என்று வரலாறு விடையளிக்கும். ஆயினும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒருநாளும் செல்லாத அயற்கிராமத்தவருக்கு அத்தேவாலயத்தை அறிமுகஞ் செய்துவைத்தது வைத்தியசாலையேயாகும். வழிபாட்டுக்குரிய இடமும் பிணி தீர்க்கும் இடமும் ஒரே சபையின் இரு கைகளாய் அமைந்த கதை கேட்கத்தக்கது. அக்கதையினுள்ளே தமிழ்மொழியின் கதையொன்றும் பொதிந்து கிடக்கின்றது.

மானிப்பாயிலே கிறித்தவக் கோயில் எழுந்தது அமெரிக்கர் காலத்திலன்று. யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் நாட்டைக் கோயிற்பற்றுகளாக வகுத்து, ஊர்தோறும் ஆலயங்களை நிறுவினர். 1658இல் அவர்களை ஓட்டிய ஒல்லாந்தர் அவ்வாலயங்களைத் தம் சமயத்துக்கு ஏற்ப மாற்றிக் கொண்டனர். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பல்தேயஸ் பாதிரியார் எழுதிய நூலில், தெல்லிப்பழை, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய கோயிற்பற்றுகளோடு மானிப்பாயும் இடம்பெற்றிருக்கின்றது.

ஒல்லாந்தர் காலத்து ஆலயம் வழிபாட்டுக்கு மட்டும் உரிய இடமன்று. அது பள்ளிக்கூடம், அதுவே பதிவுகாரியாலயம். பிறப்பும் விவாகமும் பள்ளித் தோம்பிலே பதியப்பட்டன. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் கிடைப்பது அரிது. அவனுடைய விவாகமும் சட்டத்தின் முன் ஐயத்துக்கு இடமாகும். ஆகவே சனங்கள் பகலிலே தேவாலயத்திலும் இரவிலே தம் குலதெய்வத்தின் சந்நிதியிலும் நின்றனர். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அந்தக் கட்டாயம் தளர்ந்து ஒழிந்தது. ஒழிந்ததும், ஆயிரக்கணக்கில் எண்ணப்பட்ட கிறித்தவர் வெயில் கண்ட பனிபோல் மறைந்தனர். ஆலயங்களின் கூரைகள் இற்று வீழ்ந்தன. தடித்த பவளக்கற் சுவர்கள் மட்டும் நின்றன. சுவர்களுக்குள்ளே ஆலும் அரசும் முளைத்தன. அரசாணையால் வந்த சமயம் அரசாணையோடு போயிற்று. பின்னர் வந்தோர் இவ்வுண்மையை அந்தச் சுவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டிருத்தல் வேண்டும்.

பின்னர் வந்தோர் அமெரிக்கர். 1815ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் நியூபெரிப்போட்டுத் துறைமுகத்திலிருந்து 'டிரையட்' என்னும் சிறு பாய்க்கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது கொழும்பை அடைந்தது. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனியார் மிஷனரிமாரை விரும்பி வரவேற்கும் நிலையில் இருக்கவில்லை. ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இடையே 1812இல் மூண்ட போரின் கசப்பும் முற்றாக ஆறவில்லை. முன்னரே 1813இல் இலங்கைக்கு வந்து பார்த்த நியூவெல் என்பவர், யாழ்ப்பாணமே ஏற்ற இடம் என்று தம் சங்கத்தாருக்கு எழுதியிருந்தார். தேசாதிபதி பிரவுண்றிக் அதற்கு இசைந்தார். 1816இல் பூர் ஐயரும் வாறன் ஐயரும் தெல்லிப்பழையில் அமர்ந்தனர். மெய்க்ஸ் ஐயரும் றிச்சாட்ஸ் ஐயரும் வட்டுக்கோட்டையில் அமர்ந்தனர். இடிந்து கிடந்த பழைய ஆலயங்களை அரசினர் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தனர். பனைமரச் சட்டங்கள் ஏற்றி மீண்டும் கூரை வேயப்பட்டது. 1820இல் உடுவிலிலும் பண்டத்தரிப்பிலும், 1821இல் மானிப்பாயிலும் மிஷன் நிலையங்கள் ஏற்பட்டன.

வந்தவர்கள் பலர், நிலைத்தவர்கள் சிலர். வாறன் 1818இல் இறந்தார். றிச்சாட்ஸ் 1822இல் இறந்தார். பிரவுண்றிக்கின் பின் ஆட்சி செய்த பான்ஸ் தேசாதிபதியோ புதிதாக அமெரிக்கர் எவரும் வருதலாகாது என்று தடைவிதித்தார். 1833 வரையில் அந்தத் தடை நீங்கவில்லை. அத்தடை ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது எனலாம். கடலுக்கு அப்பாலிருந்து ஆட்கள் வாராதபோது, உள்ளூராரைப் பயிற்றுவதன்றி வேறு வழியில்லை அல்லவா? 1823இல் வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் இக்காலத்திலேயே தோன்றின.

மானிப்பாயில் முதலிற் பணியாற்றியவருள் ஸ்போல்டிங் ஐயர் குறிப்பிடத்தக்கவர். 1820இல் இந்நாட்டுக்கு வந்த அவர் 1873இல் மரிக்கும்வரை ஐம்பத்துமூன்று ஆண்டுகள் யாழ்ப்பாணத்தார் நடுவே வாழ்ந்தார். தமிழிற் பாசுரங்கள் இயற்றி ஆராதனையிற் பாடச்செய்தார். 1834இல் மைனர் என்னும் அச்சுத்தொழிலாளர் வந்து சேர்ந்தபின் மானிப்பாயில் அச்சுக்கூடம் சுறுசுறுப்பாக இயங்கியது. 1842இல் அங்கிருந்து வெளிவந்த அகராதி, ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. அதனை மானிப்பாய் அகராதி என்றே தமிழுலகம் வழங்குகின்றது. அதன் தொகுப்பிலே உழைத்த உடுவில் சந்திரசேகர பண்டிதரின் பெயரை இங்கு மறத்தலாகாது. அயல்நாட்டார் பொருள் தந்தனர். சொல்லைத் தந்தவர் உள்ளூர்ப் பண்டிதர். மானிப்பாயில் நடந்த பெரிய காரியங்கள் யாவும் இவ்வாறே நடந்தன.

இனி மருந்துச்சாலைக்கு வருவோம். பண்டத்தரிப்பில் 1820 முதல் பணிபுரிந்த ஸ்கடர் ஐயர் வைத்தியமும் அறிந்தவர். அவர் 1836இல் சென்னைக்குச் சென்றார். அவருக்குப் பின்னிருந்த வார்ட் என்னும் வைத்தியரும் நாடு திரும்பினார். அவ்விடத்தை நிரப்ப 1847ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசச்சூசெற்சு மாகாணத்து வூஸ்டர் நகரிலே 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிறந்தவர். 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றவர். வந்தபோது வயது ஏறத்தாழ இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848இல் மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டார்.

யாழ்ப்பாணம் வைத்தியம் அறியாத நாடன்று. செகராசசேகரம், பரராசசேகரம் என அரசர் பெயரால் வைத்திய நூல்கள் எழுந்த நாடு அது. பரம்பரை வைத்தியர் நாடி பார்ப்பதிலும், மூலிகை அறிவதிலும், பத்தியம் வகுப்பதிலும் கைதேர்ந்தவர். ஆயின் கத்தியெடுத்து அறுக்கவேண்டிய கட்டி, பனையிலிருந்து வீழ்ந்து முறிந்த எலும்பு, குறுக்கே நின்ற குழந்தை ஆகியவற்றின் முன்னே அவ்வைத்தியம் பெரிதும் கைசோர்ந்து நின்றது. புதிய மருந்துச்சாலைக்குச் சனங்கள் வந்தது இத்தகைய நோய்களாலேயே. வேறு வழியெல்லாம் அடைபட்டபின் வந்தனர் என்பதே உண்மை. முதலில் ஐயத்தோடு வந்தனர். ஒருவன் நடந்து வீடு திரும்பினால், அவன் ஊரிலிருந்து மறுமுறை பத்துப்பேர் வந்தனர்.

ஒரு மனிதனால் ஒரு நாட்டுக்கு வைத்தியஞ் செய்ய இயலாது என்பதைக் கிறீன் வந்தவுடனேயே உணர்ந்துகொண்டார். ஆகவே 1848இலேயே மாணவரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையில் மேல்நாட்டு வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதலிடங்களுள் ஒன்று மானிப்பாய் என்பதைப் பலர் அறியார். கொழும்பில் அரசினர் மருத்துவக் கல்லூரி 1870இலேதான் எழுந்தது. முதல் மாணவர் வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையில் ஆங்கிலம் கற்றவர்கள். அவர்களுட் சிலர் அமெரிக்கப் புரவலரின் பெயர்களையே தாங்கியிருந்தனர். ஒரு பிள்ளையின் கல்விக்குப் பொருள் தருபவர் பெயரை அப்பிள்ளைக்கு இடுவது அந்நாள் வழக்கம். டான்போர்த், சாப்மன் என்ற பெயர்களைக் கேட்டு அவர்களை வெள்ளையர் என்று கருதிவிடலாகாது. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகளே அவர்கள்.

கற்றுத் தேறியவர்கள் கிராமங்களிற் சென்று அமர்ந்து தம் தொழிலால் தாமே வாழவேண்டும் என்பது கிறீனின் கொள்கை. மிஷன் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் வைத்தியனால் நாடு பயனடையாது என அவர் கருதினார். பட்டினத்தில் 1850ஆம் ஆண்டு, அரசாங்க ஏசண்டாயிருந்த டைக் துரையின் ஊக்கத்தால், ஆதுலர் சகாய சங்கத்தின் வைத்தியசாலை தோன்றியபோது, அதிலும் கிறீனும் அவர் மாணவரும் தொண்டாற்றினர். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தின் பெரிய அரசினர் ஆசுபத்திரியாக வளர்ந்தது அந்நிலையமேயாகும்.

வாந்திபேதி அக்காலத்தில் யாழ்ப்பாணத்தை அடிக்கடி அலைத்த கொடுநோய். 1860களின் நடுவிலே அது மிகக் கடுமையாகப் பரவியது. வீடு வீடாகச் சாவு நிகழ்ந்தபோது, அயலார் அயலாரை அணுக அஞ்சினர். இது அம்மனின் கோபம் என்று அஞ்சி மருந்தையே மறுத்தோரும் உளர். அந்நேரத்தில் கிராமங்களிற் சென்று மருந்து கொடுத்தவர்கள் கிறீனிடம் கற்ற இளைஞர்களே. நோய் வந்தால் செய்யத்தக்கது யாது, தவிர்க்கத்தக்கது யாது என்பதைக் கிறீன் எளிய தமிழில் அச்சிட்டுப் பரப்பினார். ஆங்கிலத்தில் எழுதிய அறிவுரையால் ஓர் ஓலைக்குடிசையிலும் எவரும் பிழைத்திருக்கமாட்டார்.

மொழியைப் பற்றிய இந்த எண்ணமே கிறீனின் வாழ்வைத் திசைதிருப்பியது. ஆயின் அதற்கு முன்னர் மிஷன் முழுவதிலும் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1855ஆம் ஆண்டு அமெரிக்கச் சங்கத்தின் காரியதரிசி அண்டர்சன் என்பவர் நேரில் வந்து மிஷனின் நிலையை ஆராய்ந்தார். ஆங்கிலக் கல்வி அரசாங்கத்துக்கு உத்தியோகத்தரை ஆக்கித் தருகின்றதேயன்றிக் கிராமச் சபைகளுக்கு ஊழியரைத் தருவதில்லை என்பது அவர் முடிவு. வட்டுக்கோட்டைச் சாத்திரசாலை அவ்வாண்டே மூடப்பட்டது. கிராமந்தோறும் சிறு சபை, அச்சபைக்குத் தமிழ்ப் போதகர், அவர் வேதனத்தைச் சபையாரே தருதல் என்னும் முறை வகுக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தார் அம்முடிவால் வெகுண்டனர். உயர்கல்வியின் கதவு தம் பிள்ளைகளுக்கு முன்னே சாத்தப்பட்டதாகவே அவர்கள் உணர்ந்தனர். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியை எழுப்பிய ஊக்கம் அந்தக் கோபத்திற் பிறந்ததேயாகும். ஆயினும் அண்டர்சன் திட்டத்தின் மறுபக்கம் ஒன்றுண்டு. தம் காலில் நிற்கவேண்டிய கட்டாயம் ஏற்பட்டபோதுதான் சபை ஊராரின் உடைமையாயிற்று.

அந்தச் சபைகள் போதகரை எவ்வாறு தாங்கின? பெரும் பணக்காரர் எவரும் அவற்றில் இல்லை. பெண்கள் உலைக்கு அரிசி அளக்கும்போது, வேளைதோறும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு முட்டியில் இட்டுவைத்தனர். நிறைந்தபின் அதனைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து படைத்தனர். சிலர் தம் வளவிலே ஒரு தென்னையையோ பனையையோ ஆண்டவருக்கென்று நேர்ந்துவிட்டனர். அம்மரத்தின் காயும் பழமும் சபைக்குரியன. வருமானத்திற் பத்திலொன்று கொடுப்போரும் இருந்தனர். பிடியரிசி என்னும் இந்த வழக்கம் பற்றி, யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்த லீச் சகோதரிகள் வியந்து எழுதினர். அதில் ஒரு நுட்பம் உண்டு. பணம் ஆடவர் கையில் இருந்த காலம் அது. அரிசிப்பானையோ பெண்ணின் ஆட்சிக்குட்பட்டது. கணவனைக் கேளாமலே ஒரு பெண் தன் சபைக்குக் கொடுக்கத்தக்கதாய் இருந்தது அந்த ஒரு பிடியே. தமிழ்ப் போதகர்கள் உண்டது அச்சோறு. ஏழைகளுக்குப் பகிர்ந்ததும் அதிலிருந்தேயாம்.

கிறீன் 1857இல் உடல்நலம் குன்றித் தாயகம் சென்று, 1862இல் விவாகஞ்செய்து மனைவியுடன் திரும்பினார். திரும்பியவர் ஓர் உறுதியோடு திரும்பினார். 1864 முதல் வைத்திய வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றவன் அரசாங்கச் சம்பளத்தை நாடி வெளியூருக்குச் சென்றுவிடுகிறான். தமிழிற் கற்றவன் தன் கிராமத்தில் நிற்பான். அவனிடம் மற்றொருவன் தமிழிற் கற்பான். இதுவே அவர் கணக்கு. மாணவர் தமிழர் உடையையே உடுத்து, தமிழராகவே வாழவேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாயிருந்தார். சமயம் மாறியோர் நடையுடையும் மாறி மேனாட்டார்போல் ஆகும் கோலம் அவருக்குச் சற்றும் உவப்பன்று.

தமிழிற் கற்பிப்பதாயின் தமிழில் நூல் வேண்டும். உடல் முழுவதையும், நோய் முழுவதையும், மருந்து முழுவதையும் தமிழில் எழுதவேண்டும். அதற்கு முன்மாதிரி யாதும் இருக்கவில்லை. நாளிலே நோயாளரைப் பார்ப்பதும் மாணவருக்குக் கற்பிப்பதும் போக எஞ்சிய பொழுதிலே கிறீன் அப்பணியை மேற்கொண்டார். உடற்கூற்றியல் பற்றிய கற்றரின் நூலும், பிரசவ வைத்தியம் என்னும் நூலும் 1850களிலேயே வெளிவந்துவிட்டன. இரணவைத்தியம் 1867இலும், கிறேயின் பெருநூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும், வைத்தியாகரம் அதே ஆண்டிலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும், இந்து பதார்த்த சாரம் அதனை அடுத்தும் அச்சேறின. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாகும். டான்போர்த், சாப்மன், சுவாமிநாதன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்த்தும், கிறீன் அதனைத் திருத்தியும் இவ்வேலை நடந்தது. பலமுறை எழுதி அடித்து எழுதப்பட்ட நூல்கள் அவை.

சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை இன்றைக்கும் ஆராயத்தக்கது. பரம்பரை வைத்தியர் நாவிலும் அவர் ஏட்டிலும் ஏற்ற சொல் உளதாயின் அதனையே எடுத்தார். இல்லையாயின் வடமொழியை நாடினார். அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைய எழுதினார். இரணம், பிரசவம் என்பன ஊரார் வாயில் வழங்கியவை. ஆகரம் என்பது சுரங்கம். வைத்தியத்தின் சுரங்கம் வைத்தியாகரம் ஆயிற்று. இரசாயன நூலுக்கோ கெமிஸ்தம் என்று பெயரிட்டார். பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து ஏற்றுக்கொண்ட பெயர் அது. தூய தமிழ் விழைவோர்க்கு இவ்வளவு வடசொல் உவப்பாயிராது. ஆயினும் முதன்முதலாகக் காடு வெட்டிப் பாதையிட்டவரைப் பார்த்து, பாதை ஏன் வளைந்து சென்றது என்று வினவுதல் பொருந்தாது. வைத்தியருக்கென அருஞ்சொற்றொகுதியும் அவர் தொகுத்து வெளியிட்டார்.

இங்கே ஒரு கேள்வியை மறைத்துச் செல்லலாகாது. மிஷன் தருமம் தூண்டில் முள்ளிற் கோத்த இரை என்று அக்காலத்திலேயே கூறியவர் உளர். அவர்களுள் தலைசிறந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். காலத்தின் அமைப்பு வியப்புக்குரியது. நாவலரும் 1822ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். கிறீனுக்கு இரண்டு மாதம் இளையவர். கிறீன் மானிப்பாயில் மருந்துச்சாலை தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நாவலர். மிஷனரிமாரின் முறைகளை உள்ளிருந்து அறிந்தவர். கல்வியையும் சலுகையையும் காட்டிச் சைவப் பிள்ளைகளைச் சமயம் மாற்றுகின்றனர் என்னும் அவர் குற்றச்சாட்டு ஆதாரமற்றதன்று. மிஷன் பாடசாலைகளிற் சேர விரும்பிய பிள்ளைகள் விவிலியம் கற்றே ஆகவேண்டியிருந்தது.

கிறீனும் தம் நோக்கத்தை ஒளித்தவரல்லர். தாம் வைத்தியர் மட்டுமல்லர், சுவிசேஷகரும் ஆவர் என்பதை வெளிப்படையாகவே கூறினார். மருந்துச்சாலையில் வேதவாசகமும் செபமும் நடந்தன. ஆயினும் மருந்து பெறுவதற்கு மதம் நிபந்தனையாயிருக்கவில்லை. நோய் தீர்ந்து வீடு சென்றோருட் பெரும்பாலார் தத்தம் சமயத்திலேயே நிலைத்து நின்றனர். ஒல்லாந்தர் காலத்து ஞானஸ்நானக் கணக்கோடு ஒப்பிட்டால் அமெரிக்க மிஷன் சபைகளின் கணக்கு மிகச் சிறியது. அச்சிறு சபைகள் பின்னர் அரசு மாறியும் மறையாது நின்றன என்பதையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். 1870களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது, நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். பசித்தவனுக்கும் நோயுற்றவனுக்கும் செய்யும் தொண்டிலே எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள் ஒரே வழியில் நடந்தனர். தமிழை உரைநடைக்கும் அச்சுக்கும் பழக்கியதிலும் அவ்வாறே.

1873இல் கிறீன் உடல் தளர்ந்து நாட்டைவிட்டு நீங்கினார். அதுவரை அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர்கள். வூஸ்டர் நகரில் இருந்துகொண்டே அவர் கையெழுத்துப் படிகளைத் திருத்தினார். கப்பலில் அவை போயும் வந்தும் கொண்டிருந்தன. மனுஷ சுகரணம் இவ்வாறு கடல் கடந்து முடிவுபெற்ற நூலாகும்.

ஆயினும் தமிழ் வைத்திய வகுப்பு அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது; அரசாங்க வேலை அதன் பட்டதாரிகளுக்கே உரியதாயிற்று. தமிழிற் கற்றவனுக்கு ஊரில் மதிப்பிருந்தும் அரசாங்கப் பதிவேட்டில் இடமில்லை. பெற்றோர் எந்தப் படிப்பை நாடுவர் என்பது சொல்லாமலே விளங்கும். மாணவர் குறைந்தனர், நூல்கள் பெட்டிகளில் உறங்கின. தமிழால் இயலாது என்பதால் அம்முயற்சி கைவிடப்படவில்லை. தமிழால் இயலும் என்பது ஒரு தலைமுறை வைத்தியரின் கையால் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. அதற்குரிய ஊதியமும் அங்கீகாரமும் இல்லாமையாலேயே அது கைவிடப்பட்டது. இவ்வேறுபாட்டைப் பிற்காலத்தார் பலர் கருதாதே பேசினர்.

கிறீன் 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் காலமானார். தம் கல்லறைக்கல் எளியதாயிருத்தல் வேண்டும் என்றும், தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியராயிருந்தமை அதிற் பொறிக்கப்படல் வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். பிறந்த ஊரிலே, தமிழர் எவரும் கண்டிராத மயானத்திலே, தமிழர் என்னும் சொல்லைத் தாங்கிய கல் ஒன்று அவ்வாறு நாட்டப்பட்டது.

மானிப்பாயில் வேலை மீண்டும் தழைத்தது 1893இல் ஸ்கொட் என்னும் வைத்தியரும், அவரைப் போலவே வைத்தியம் கற்றவரான அவர் மனைவியும் வந்தபின்னர். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்னும் பெயர் அக்காலத்தில் ஊன்றியது. பெண் வைத்தியர் ஒருவர் வந்தமை சிறிய செய்தியன்று. ஆடவர் கைதொட்டு நோய் பார்ப்பதிலும் இறப்பதே மேல் என்று எண்ணிய பெண்கள் அந்நாளில் எத்தனையோ பேர். பிரசவ வைத்தியம் நூலாகத் தமிழில் வந்து நாற்பதாண்டு ஆகியும், அந்நூலறிவு பிரசவ அறைக்குள்ளே நுழைய முடியாமல் வாயிலிலே நின்றது. 1898இல் அயலூராகிய இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதற்குப் பொருள் திரட்டியவருள் முற்கூறிய லீச் சகோதரிகள் முதல்வர். அங்கு கேர் அம்மையார் நீண்டகாலம் பணிபுரிந்தார். தமிழ்ப் பெண்கள் தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் பயிற்சிபெற்று அயற்கிராமங்களுக்குச் சென்றனர். வலிகாமத்துக் குடும்பங்கள் பலவற்றில், சைவரோ கிறித்தவரோ என்ற பேதமின்றி, பிறந்த இடம் எதுவென்று கேட்டால் இணுவில் ஆசுபத்திரி என்றோ மானிப்பாய் ஆசுபத்திரி என்றோ விடைவரும்.

1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள் சென்னையிலே தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அமெரிக்க மிஷன் சபைகள் அதன் யாழ்ப்பாண அத்தியட்சாதீனமாயின. சபாபதி குலேந்திரன் அதன் முதல் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வட்டுக்கோட்டைப் பழைய ஆலயம் பேராலயமாயிற்று. மானிப்பாய்ச் சபையும் வைத்தியசாலையும் தமிழரின் பொறுப்பாயின. பிடியரிசியில் தொடங்கிய பழக்கம் அங்கு வந்து முடிந்தது எனலாம்.

பின்வந்த போர்க்காலம் அவற்றைக் கடுமையாகச் சோதித்தது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் விட்டு மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது மானிப்பாயும் வெறிச்சோடிற்று. மருதடிக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒருங்கே ஆளற்ற நாள்கள் அவை. 1996இல் மக்கள் திரும்பினர். பலர் கூரையில்லாத வீடுகளுக்கே திரும்பினர். தேவாலயத்தில் மீண்டும் ஆராதனை நடந்தது. வைத்தியசாலை முன்னைப் பெருமையின் ஒரு பகுதியோடேனும் கிறீன் பெயரைத் தாங்கி நோயாளரை ஏற்றது. இரணவைத்தியமும் மனுஷ அங்காதிபாதமும் நூற்றைம்பது ஆண்டு மஞ்சளேறிய தாள்களுடன் சில நூலகங்களில் இன்றும் காணக்கிடைக்கின்றன.